பி91 நீராவிக் குழாய்: வாங்கலாமா, எங்கே பிசகும்?

நீராவியின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஏற்றினால் அனல்மின் நிலையத்தின் திறன் கூடும். இது பழைய கணக்கு. அமெரிக்காவின் ஃபிலோ நிலையம் 1957-லேயே சூப்பர்கிரிட்டிக்கல் அழுத்தத்தில் (நீருக்கும் நீராவிக்கும் வேறுபாடு மறையும் அளவுக்கு மேல்), 621 டிகிரி செல்சியஸில் ஓடியது. 1960-இல் வந்த எடிஸ்டோன் யூனிட்டை 649 டிகிரிக்கு வடிவமைத்தார்கள். உலோகச் சிக்கல்களால் பிறகு வெப்பத்தைக் குறைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. அன்று கையில் இருந்த ஆஸ்டெனிட்டிக் (நிக்கல் கலந்த துருப்பிடிக்காத வகை) எஃகு சூட்டில் அதிகம் விரியும், வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். தடித்த சுவரோடு சேர்ந்தால் ஒவ்வொரு ஸ்டார்ட்-அப்பும் அதற்குச் சோதனைதான்.

அந்தக் குறையைத் தீர்த்தது ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1970-களில் உருவான பி91 என்ற எஃகு. 9% குரோமியம், 1% மாலிப்டினம், சிறிதளவு வனேடியம், நையோபியம், நைட்ரஜன். கல்பாக்கம் வேக ஈனுலையின் நீராவிக் கலன்களும் இதே குடும்ப எஃகுதான்.

நம் ஊர் 660 மெகாவாட் யூனிட்களில் இப்போது வழக்கமான அளவு சதுர செ.மீ.க்கு 247 கிலோ அழுத்தம், 565/593 டிகிரி. இதில் 565 முதன்மை நீராவியின் வெப்பம்; 593 ரீஹீட் வெப்பம், அதாவது பாதி விரிந்த நீராவியை மறுபடி சூடேற்றும் அளவு. ரீஹீட் இல்லாமல் அந்த நீராவியை 0.1 பார் கண்டென்சர் வரை விரியவிட்டால், இலட்சியக் கணக்கில் கடைசியில் கால் பங்கு ஈரமாகிவிடும். எல்பி (குறைந்த அழுத்த) டர்பைனின் கடைசி வரிசை பிளேடுகளை அது அரித்துத் தின்னும். 50 பார் அளவில் வெளியே எடுத்து மறுபடி சூடேற்றினால் ஈரம் சுமார் 12 சதவீதத்துக்கு இறங்கும். ஆகவே ஆலையிலேயே சூடான குழாய், மறுபடி சூடேறிய நீராவியைக் கொண்டுசெல்லும் ஹாட் ரீஹீட்தான். பி91-இன் அருமை தெரிவது அங்கே. 565 டிகிரியில் குரோமியம் குறைந்த பழைய எஃகான பி22-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் தகைவு தாங்கும். சுவர் மெலிகிறது, ஹேங்கர் (குழாயைத் தொங்கவிடும் தாங்கி) சுமை குறைகிறது, யூனிட்டை வேகமாகச் சூடேற்றலாம்.

ஆனால் பி22 பொறுத்துக்கொள்ளும் தவறுகளை இது பொறுக்காது. இதன் வலிமை வேதியியலில் மட்டும் இல்லை. 1040–1080 டிகிரி நார்மலைசிங், 730–800 டிகிரி டெம்பரிங் இரண்டும் கொடுத்த மார்டென்சைட் (சூட்டிலிருந்து ஆறும்போது எஃகில் உருவாகும் கடினமான) அமைப்பில் இருக்கிறது. சைட்டில் வளைவை நிமிர்த்த கேஸ் டார்ச் வைத்தால் அந்த இடம் போயிற்று. மீட்க வேண்டுமானால் முழுத் துண்டுக்கும் மறுபடி நார்மலைசிங், டெம்பரிங். இல்லாவிட்டால் வெட்டி மாற்ற வேண்டியதுதான்.

வெல்டிங்கில் பிரீஹீட் 200 டிகிரிக்குக் குறையக் கூடாது, ரூட் பாஸுக்கு (அடி வெல்டுக்கு) குழாயின் உள்ளே காற்றை வெளியேற்றும் ஆர்கான் பர்ஜ் கட்டாயம். அதிகம் பிசகும் கட்டம் அடுத்தது: வெல்ட் முடிந்ததும் மூட்டை 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, பிறகுதான் 750–770 டிகிரி ஹீட் ட்ரீட்மென்டுக்கு ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு நேரடியாக ஏற்றினால், மாறாமல் மிச்சமிருக்கும் ஆஸ்டெனைட் (எஃகின் உயர்வெப்ப அமைப்பு) கடைசியில் ஆறும்போது டெம்பர் ஆகாத, நொறுங்கும் மார்டென்சைட்டாகிவிடும். ஆறவைத்த மூட்டை ஈரத்தில் நாள்கணக்கில் கிடத்துவதும் ஆபத்து, விரிசல் விடும்.

சோதிக்கும்போது குழாயின் கடினத்தன்மை பிரினெல் அளவுகோலில் 190–250-க்குள் இருக்க வேண்டும். மேல்தோலில் கார்பன் குறைந்திருப்பதால், லேசாக மட்டும் கிரைண்ட் செய்து அளந்தால் நல்ல குழாயும் மென்மையாகக் காட்டும்.

மில் சான்றிதழில் பலர் குரோமியத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அலுமினியத்தைப் பாருங்கள். அது நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டால், க்ரீப்பைத் (சூட்டிலும் சுமையிலும் உலோகம் மெல்ல நீள்வதை) தடுக்கும் வனேடியம் நைட்ரைடுத் துகள்களுக்கு நைட்ரஜன் மிஞ்சாது. 0.02 சதவீதத்துக்குள் அலுமினியம், அதைப்போல் 4 மடங்காவது நைட்ரஜன் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

540 டிகிரிக்குள் ஓடும் ஆலைக்குப் பி22 போதும். 600-ஐத் தாண்டினால் டங்ஸ்டன் சேர்ந்த பி92. இடைப்பட்ட வெப்பத்துக்குப் பி91-ஐத் தயங்காமல் வாங்கலாம். ஒரு பலவீனத்தை மட்டும் வெல்டுக்குப் பிந்தைய வழக்கமான ஹீட் ட்ரீட்மென்ட் நீக்காது: வெல்டை ஒட்டிய நுண்மணிப் பட்டையில் பல்லாயிரம் மணி நேர ஓட்டத்துக்குப் பின் வரும் டைப் 4 விரிசல். வளைவு விசை அதிகமுள்ள இடத்தில் மூட்டு வைக்காதீர்கள். ஹேங்கர்களை சூட்டிலும் குளிரிலும் இரண்டு முறை அளந்து குறித்துவையுங்கள்.