பக்க எண்களா, ‘மேலும் காட்டு’ பட்டனா, முடிவில்லா ஸ்க்ரோலா?

நீளமான பட்டியல் உள்ள எந்தத் தளத்தைக் கட்டினாலும் இந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கும். நானூறு கட்டுரைகள், இரண்டாயிரம் பொருட்கள், பத்தாயிரம் படங்கள் என்று இருந்தால் எல்லாவற்றையும் ஒரே திரையில் கொட்ட முடியாது. அடியில் 1, 2, 3 என்று பக்க எண்கள் போடலாம். ‘மேலும் காட்டு’ என்று ஒரு பட்டன் வைக்கலாம். இரண்டும் இல்லாமல், விரல் தள்ளத் தள்ளத் தானாக வந்து நிரம்பும்படியும் விடலாம்.

மூன்றையும் வெவ்வேறு தளங்களில் செய்து பார்த்தவன் நான். இவற்றை ஒப்பிடும்போது ‘எதில் கீழே போவது சுலபம்?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கீழே போவது மூன்றிலுமே சுலபம்தான். நான் பார்ப்பது திரும்பி வருவதை. ஒன்றைத் தொட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ‘பேக்’ அழுத்தினால், விட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோமா?

இப்படிக் கேட்க வைத்தது ஒரு பழைய புகைப்படத் தொகுப்பு. ஏறக்குறைய மூவாயிரம் படங்கள். முடிவில்லா ஸ்க்ரோல்தான் பொருத்தம் என்று நானே முடிவு செய்து கட்டினேன். வெளியிடும் முன், தெரிந்த பெரியவர் ஒருவரிடம் மொபைலைக் கொடுத்து, “பிடிச்ச படம் ஒண்ணு எடுத்துப் பாருங்க ஐயா” என்றேன். நிதானமாகத் தள்ளிக்கொண்டே போனார். வெகுநேரம் கழித்து ஒரு படகுப் படத்தில் விரல் நின்றது. தொட்டார், பெரிதாக்கிப் பார்த்தார், பேக் அழுத்தினார். பட்டியல் முதல் படத்தில் போய் நின்றது. “எங்கப்பா விட்டேன்?” என்று என்னைக் கேட்டார். மறுபடி தள்ள ஆரம்பித்தவர், பாதியிலேயே மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏழாம் பக்கம் என்று நான் சொல்வதற்கு அங்கே பக்கமே இல்லை.

நடந்தது இதுதான். பிரவுசர் சில சமயம் முந்தைய பக்கத்தை அப்படியே நினைவகத்தில் நிறுத்தி வைத்திருக்கும். அப்போது பேக் அழுத்தினால் எல்லாம் விட்டபடியே கிடைக்கும். நினைவகம் போதாத மொபைலில் அதைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு பக்கத்தை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ‘இவர் இருபதாயிரம் பிக்சல் கீழே இருந்தார்’ என்ற குறிப்பு மட்டும் பிரவுசரிடம் மிச்சம் இருக்கும். ஆனால் என் பட்டியலை வரைந்தது, பக்கம் ஏறிய பிறகே ஓடத் தொடங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். ஏற்றிய கணத்தில் பக்கம் காலி. உயரமே இல்லாத பக்கத்தில் இருபதாயிரம் பிக்சல் கீழே எங்கே போவது? உச்சியிலேயே நின்றுவிடும். என் சொந்த மொபைலில் நான் சோதித்தபோதெல்லாம் நினைவகம் தாராளமாக இருந்ததால் இந்தக் கோளாறு என் கண்ணில் படவே இல்லை.

முடிவில்லா ஸ்க்ரோல்

இதை 2006இல் உருவாக்கியவராக அறியப்படும் ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காகத் தான் வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். ஆட்கள் நிறுத்த இடமில்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பற்றியது அவருடைய வருத்தம். என்னைப் போலத் தளம் கட்டுபவர்களுக்கு அதைவிடச் சின்ன, அன்றாடத் தொல்லைகள் உண்டு.

முதலாவது ஃபுட்டர். தொடர்பு முகவரி, தனியுரிமைக் கொள்கை எல்லாம் அடியில் இருக்கும். அதைத் தொடப் போகும்போது புதிய வரிசை ஒன்று வந்து அதைக் கீழே தள்ளிவிடும். மறுபடி துரத்த வேண்டும். மவுஸ் பிடிக்க முடியாமல் டேப் விசையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அந்த ஃபுட்டர் இல்லாததற்குச் சமம். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர்களுக்காக 2017இல் வந்த ஏஆர்ஐஏ 1.1 என்ற தரநிலை, இப்படி நீண்டுகொண்டே போகும் பட்டியலுக்கு ‘ஃபீட்’ என்று தனியாக ஒரு வகையை வைத்திருக்கிறது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் பட்டியலுக்குள் நகர்வதும் வெளியேறுவதும் சாத்தியம்தான். பயன்படுத்தியிருக்கும் தளத்தைக் காண்பதுதான் அரிது.

இரண்டாவது எடை. தள்ளத் தள்ளப் பக்கத்தில் எலிமென்ட்கள், அதாவது பக்கத்தைக் கட்டும் ஹெச்டிஎம்எல் துண்டுகள், சேர்ந்துகொண்டே போகும். பக்கத்தின் தரத்தை அளக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவி, அதன் முந்தைய பதிப்புகளில், 800 எலிமென்ட்களைத் தாண்டினால் எச்சரித்தது, 1,400ஐத் தாண்டினால் பிழை என்றே காட்டியது. படமும் தலைப்பும் லிங்க்கும் உள்ள ஒரு கார்டுக்குப் பத்து எலிமென்ட் என்று வைத்தால்கூட, 140 கார்டுகளில் அந்த எல்லை வந்துவிடுகிறது.

இதையெல்லாம் சொன்னாலும், இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. நண்பர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று மேய்பவருக்கு எதையும் தேடும் நோக்கம் இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் வருத்தமும் இல்லை. அங்கே பக்க எண் போட்டால் உறுத்தும். தேடி வந்தவரின் நிலை வேறு. கைவினைப் பொருட்கள் விற்கும் எட்சி தளம் 2010களின் தொடக்கத்தில் தன் தேடல் முடிவுகளில் முடிவில்லா ஸ்க்ரோலைச் சோதித்தது. பயனர்கள் முடிவுகளைத் தொட்டுப் பார்ப்பது கூடவில்லை, குறைந்தது. கூகுள் 2021 அக்டோபரில் மொபைல் தேடலிலும் 2022 டிசம்பரில் கணினியிலும் தொடர் ஸ்க்ரோலைக் கொண்டுவந்தது. 2024 ஜூனில் அதைக் கைவிட்டுக் கணினியில் பழைய பக்க எண்களுக்கே திரும்பியது. தேடல் என்று வரும்போது பக்க எண்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

பக்க எண்கள்

பழைய பாணி என்று ஒதுக்குபவர்கள், அந்த எண்கள் செய்யும் வேலையைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்த முகவரி உண்டு. அதை நண்பருக்கு அனுப்பலாம், புக்மார்க் செய்யலாம், பேக் அழுத்தினால் அங்கேயே வரலாம். மொத்தம் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்பதும் பார்த்தவுடன் தெரியும். தேடுபொறிக்கும் இதுவே வசதி: தளங்களைப் படித்துச் சேகரிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பட்டனை அழுத்தாது, லிங்க்கைத்தான் பின்தொடரும். அடுத்த பக்கம், முந்தைய பக்கம் என்று சுட்டும் பழைய குறிகளைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று 2019இல் கூகுள் அறிவித்துவிட்டது. எனவே சாதாரண லிங்க்கே போதும். ஒரு தவறை மட்டும் அடிக்கடி பார்க்கிறேன். ‘இதுதான் அசல்’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிக்கல் முகவரியாக, எல்லாப் பக்கங்களிலும் முதல் பக்கத்தையே கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பக்கமும் தன்னையே சுட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. மொபைலில் எண்கள் நெருக்கியடித்து நிற்கும். 3ஐத் தொட்டால் 4 திறக்கும். எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் கட்டுவதற்கான வழிகாட்டு நெறிகளில் 2023இல் வந்த பதிப்பான டபிள்யூசிஏஜி 2.2, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது. நான் 44 வைக்கிறேன், பெருவிரலுக்கு அதுதான் தோது.

இன்னொரு குறை டேட்டாபேஸில் இருக்கிறது. நீங்கள் இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது உச்சியில் புதிதாக ஒன்று சேர்ந்தால் எல்லாம் ஓர் இடம் கீழே நகரும். மூன்றாம் பக்கத்தின் முதல் வரியாக, சற்று முன் பார்த்ததே மறுபடி வரும். அதோடு, ‘ஆஃப்செட் 10,000’, அதாவது முதல் பத்தாயிரத்தை விட்டுவிட்டு அடுத்ததைக் கொடு என்று கேட்டால் டேட்டாபேஸ் அந்தப் பத்தாயிரம் வரிசைகளையும் கடந்து, அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த இருபதைத் தரும். ‘இந்த ஐடிக்குப் பிறகு உள்ள இருபது’ என்று கேட்கும் கர்சர் முறையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் அதில் முப்பத்தேழாம் பக்கத்துக்கு நேராகத் தாவ முடியாது. தாவ வேண்டிய தேவை உங்கள் வாசகருக்கு உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

‘மேலும் காட்டு’

படத்தொகுப்பு, பொருட்பட்டியல் போன்றவற்றுக்கு இப்போது நான் போடுவது இதைத்தான். ஃபுட்டர் கைக்கு எட்டும். நிறுத்துவதும் தொடர்வதும் வாசகர் கையில். ஆனால் கவனமில்லாமல் செய்தால், பேக் அழுத்தும்போது இதுவும் முடிவில்லா ஸ்க்ரோலைப் போலவே கவிழ்த்துவிடும்.

நான் செய்வது இப்படி: பார்வைக்குப் பட்டனாக இருந்தாலும், எழுதுவது அடுத்த பக்கத்தின் முகவரி உள்ள நிஜ லிங்க்காக. ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்திருந்தால், அது அந்த அழுத்தத்தை இடைமறித்து, அடுத்த இருபதைக் கொண்டுவந்து கீழே ஒட்டும். கூடவே, பக்கத்தை மறுபடி ஏற்றாமலே முகவரியை மாற்ற பிரவுசர் தரும் ஹிஸ்டரி ஏபிஐ என்ற வசதி மூலம் முகவரிப் பட்டையையும் மாற்றும். ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டால் அது சாதாரணமாக அடுத்த பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான். முகவரியில் ‘4’ என்று இருந்தால் சர்வரே நான்கு தொகுப்புகளையும் சேர்த்து அனுப்பும். அதனால் திரும்பி வரும்போது பக்கத்துக்கு முழு உயரமும் இருக்கும், பிரவுசர் குறித்து வைத்த இடமும் இருக்கும். படங்களுக்கு அகலம், உயரம் இரண்டையும் ஹெச்டிஎம்எல்லில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவை ஏறும்வரை உயரம் குறைந்து, இடம் தப்பும்.

பட்டனின் மேல் வெறுமனே ‘மேலும்’ என்று எழுதாமல் ‘மேலும் 20 காட்டு, 340இல் 60 பார்த்தாயிற்று’ என்று எழுதினால், பக்க எண் தந்த அளவுணர்வு இங்கேயும் கிடைத்துவிடும். அழுத்தியதும் கீபோர்டு ஃபோகஸ், அதாவது டேப் விசை நிற்கும் இடம், புதிதாக வந்த முதல் கார்டுக்குப் போக வேண்டும். பலர் அதைப் பட்டனோடு சேர்த்தே தொலைத்துவிடுகிறார்கள். டேப் அழுத்துபவர் பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி எறியப்படுவார்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வெளியிடும் முன் ஒரு பழைய, விலை மலிந்த மொபைலை எடுங்கள். எழுபதாவது கார்டு வரை போங்கள், அதைத் திறங்கள். அங்கிருந்து வேறு இரண்டு மூன்று ஆப்களைத் திறந்துவிட்டு வந்து பேக் அழுத்துங்கள். பிறகு அந்த முகவரியை இன்னொருவருக்கு அனுப்பி, அவர் திரையில் எந்தக் கார்டு தெரிகிறது என்று கேளுங்கள்.