இரண்டுங்கெட்டான் பெர்ரி குக்கி: அசாயியா, நெல்லியா, கொய்யாவா? பிள்ளைக்கு எந்த பிஸ்கட்?

தீபாவளி நெருங்கினால் பினாங்கில் வீட்டுக்கு வீடு பிஸ்கட் ஆர்டர் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். சுஜி பிஸ்கட் (நெய் பிஸ்கட்), அலமண்ட் லண்டன், கார்ன்ஃபிளேக்ஸ், அச்சு முறுக்கு என்று வழக்கமான வரிசைதான். இப்போது அதற்கு நடுவில் அசாயி குக்கி, நெல்லிக்காய் குக்கி என்று புதுசு புதுசாக எட்டிப் பார்க்கின்றன. "பிள்ளைகளுக்கு நல்லது" என்று ஓரத்தில் ஓர் இலைப் படம் வேறு. விலையும் அந்த இலைக்குத் தகுந்த மாதிரி ஏறியிருக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழத்தைப் பழமாகக் கொடுங்கள், பிஸ்கட்டை பிஸ்கட்டாகக் கொடுங்கள். இதை அதற்குள் திணித்தால் வருவது இரண்டுங்கெட்டான். ஏன் என்று பார்க்க, முதலில் பழங்களை வரிசையில் நிறுத்துவோம்.

அசாயி: பேர் பெரிது

பிரேசிலின் பாரா மாநிலத்தில், அமேசான் ஆற்றுப் பக்கம் வளரும் ஒரு பனை வகையின் பழம் இது. மரம் ஒல்லியாக, பாக்கு மரம் போல நெடுநெடுவென்று நிற்கும். கருநீலக் கோலிக்குண்டு அளவுப் பழத்தில் பெரும்பகுதி கொட்டைதான். மேலே தோல்போல ஒட்டியிருக்கும் சதையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கூழாக எடுப்பார்கள். பறித்த பழம் ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதால், நம் ஊருக்கு வருவதெல்லாம் உறையவைத்த கூழ் அல்லது உலர்த்திய பொடி.

அந்த ஊர்க்காரர்கள் அதை இனிப்பில்லாமல், பொரித்த மீனுக்கும் மரவள்ளி மாவுக்கும் தோதாகச் சாப்பிடுகிறார்கள். வாழைப்பழம், கிரனோலா, தேன், சாக்லேட் குழம்பு எல்லாம் போட்டுப் பேரங்காடியில் 15, 20 வெள்ளிக்கு விற்கும் கிண்ணத்துக்கும் அதற்கும் பேர்தான் ஒற்றுமை.

நல்ல குணம் இருக்கிறது, மறுக்கவில்லை. கருநீல நிறத்தைத் தரும் அந்தோசயனின், கணிசமான நார்ச்சத்து, ஆலிவ் எண்ணெயில் இருப்பது போன்ற ஒலீயிக் அமிலக் கொழுப்பு, இவ்வளவும் உண்டு. இனிப்புச் சேர்க்காத கூழில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் வைட்டமின் சி கிட்டத்தட்ட கிடையாது. அந்தோசயனினைப் பற்றிய மனித ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, பெரியவர்களை வைத்து நடந்தவை. அதை வைத்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளைக்கு மூளை வளரும், எதிர்ப்புச் சக்தி கூடும் என்று சொல்வது வியாபாரம்.

இன்னொரு சங்கதி பல பெற்றோர் கண்ணில் படுவதில்லை. இனிப்புக் கலந்து வரும் அசாயிக் கூழில் குவரானா என்ற விதையின் சாறு சேர்ப்பது பிரேசிலில் சகஜம். குவரானாவில் காஃபீன் இருக்கிறது. பிள்ளைக்குக் காப்பி கொடுக்கவே மாட்டேன் என்று கறாராக இருக்கும் அம்மா, அசாயிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஏன் இவன் இன்னும் தூங்கவில்லை என்று விழிப்பதில் அர்த்தமில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாஸ்டரைஸ் (சூடுகாட்டிக் கிருமி நீக்கல்) செய்ததா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பிரேசிலில் சூடுகாட்டாத அசாயிச் சாற்றின் வழியாக சாகாஸ் என்ற ஒட்டுண்ணி நோய் பரவியது பதிவாகியிருக்கிறது.

நெல்லி: துவர்ப்புக்கு ஈடு உண்டு

அதியமான் ஔவை கதையை இங்கே இழுக்கப் போவதில்லை. அது இல்லாமலே நெல்லி ஜெயிக்கும். காட்டு மரமாக மலேசியாவிலும் வளர்வதுதான், மலாய்க்காரர்கள் சொல்லும் மலாக்கா மரம். சந்தையில் நமக்குக் கிடைக்கும் பெரிய நெல்லி பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் சுற்றுவட்டாரக் காய்கறிக் கடைகளில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் பச்சை மஞ்சளாகக் குவிந்திருக்கும்.

நெல்லியின் வைட்டமின் சி எவ்வளவு என்று தேடினால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 100 கிராமுக்கு 200 மில்லிகிராமில் தொடங்கி 600 வரைக்கும் பட்டியல்களில் பார்க்கலாம். ரகம், பழுத்த பக்குவம், அளந்த முறை என்று காரணம் பல. மிகக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் கொட்டை நீக்கிய ஒரு பழத்தில் 50 மில்லிகிராமுக்குக் குறையாது. உலகச் சுகாதார நிறுவனம் ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 35 மில்லிகிராம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

சிக்கல் சுவையில். பச்சையாகக் கடித்த பிள்ளை முகத்தைச் சுளித்துத் துப்பிவிடும். நெல்லியில் மேலிருந்து கீழாக ஆறு மெல்லிய கோடு ஓடும். அதன் மேல் கத்தியை வைத்து அழுத்தினால் சுளை சுளையாகப் பிரிந்து வரும். அந்தச் சுளையை இன்னும் மெல்லிசாகச் சீவி, உப்பு தொட்டுக் கொடுத்து, மென்று முடித்ததும் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இனிக்கும். அந்த வித்தைக்காகவே இன்னொரு சுளை கேட்கும் பிள்ளைகள் உண்டு. அப்படியும் ஒத்துவரவில்லையா, துருவித் தயிர்ப் பச்சடியில் போடலாம், தேங்காயோடு துவையல் அரைக்கலாம். அடுப்பில் ஏற்றாத வழிகளாகப் பார்த்துச் சொல்கிறேன்.

தேன் நெல்லியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மிட்டாய்க் கட்சி. சௌராஸ்தா சந்தையில் கண்ணாடி ஜாடிகளில் மின்னும் ஜெருக் ஊறுகாய்ப் பழங்களும் அப்படியே. ஜாதிக்காய் ஜெருக் எனக்கும் உயிர்தான், ஆனால் அதில் சர்க்கரையும் உப்பும்தான் ராஜா. அங்கே செர்மாய் என்று விற்பது அரைநெல்லி. பெரிய நெல்லிக்குச் சொல்லும் வைட்டமின் சி அதற்குப் பொருந்தாது.

கொய்யா: யாரும் பெர்ரி என்று சொல்லாத பெர்ரி

தாவரவியல் கணக்கில் அசாயி பெர்ரி இல்லை, நெல்லியும் இல்லை. கொய்யா அசல் பெர்ரி. வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்து இங்கே குடியுரிமை வாங்கிய பழம். 100 கிராமில் சுமார் 228 மில்லிகிராம் வைட்டமின் சி, 5 கிராமுக்கு மேல் நார், 70 கலோரிக்குள். ரகத்துக்கு ரகம் கூடும் குறையும். குறைந்தாலும் ஆரஞ்சு பக்கத்தில் வர முடியாது, அதில் இருப்பது 50 சொச்சம். தோலோடு 20 கிராம் கீற்று ஒன்று கொடுத்தால் பிள்ளையின் ஒரு நாள் தேவை முடிந்தது. வருஷம் முழுக்கக் கிடைக்கிறது, மறுப்பும் குறைவு, உப்புத் தொட்டுச் சமாதானம் பேச வேண்டியதில்லை.

பருப்பும் கீரையுமாக வளரும் சைவப் பிள்ளைக்கு இதில் கூடுதல் லாபம். கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் லேசில் சேராது. அதே சாப்பாட்டோடு வைட்டமின் சி போனால் நன்றாகச் சேரும். மதியம் கீரைச் சோறு, கையோடு இரண்டு கீற்று கொய்யா. தேத்தண்ணீரை மட்டும் அந்த நேரத்தில் தள்ளி வையுங்கள், அது இரும்பைத் தடுக்கும்.

ஒரே எச்சரிக்கை பழக்கடையில் காத்திருக்கிறது. நறுக்கிப் பையில் போட்டதும் கடைக்காரர் கேட்பார், "அக்கா, அசாம் போய் போடவா?" நாம் வாயைத் திறப்பதற்குள் சிவப்புப் பொடி பைக்குள் விழுந்துவிடும். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி அது. "பொடி வேண்டாம்ணே" என்று கத்தி எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுக்குமாடி வாகனம் நிறுத்துமிடத்தில் சிவப்பாக உதிர்ந்து கிடக்கும் செரிப் பழத்தையும் (கேக் மேல் வைக்கும் செரி அல்ல) ஒரு வரியில் சேர்த்துவிடலாம். அதுவும் அசல் பெர்ரி, தேனாக இனிக்கும், காசு கிடையாது. மருந்து தெளித்த மரமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

என் வரிசை: கொய்யா, நெல்லி, வெகுதூரத்தில் அசாயி. அசாயி பிடித்திருந்தால் சாப்பிடுங்கள். ஐஸ்கிரீமுக்கு மாற்றாக, இனிப்பில்லாத கூழில் வீட்டில் அடித்துக் கொடுத்தால் நல்ல தின்பண்டம்.

இப்போது குக்கிக்குள் போட்டுப் பார்ப்போம்

வீட்டில் சுஜி பிஸ்கட் செய்யும் அளவு ஒன்று: நெய் 200 கிராம், ஐசிங் சர்க்கரை 150, மாவு 350. பத்துப் பத்துக் கிராமாக உருட்டினால் 70 பிஸ்கட். ஒன்றில் 2 கிராம் சொச்சம் சர்க்கரை, 3 கிராம் போல நெய்.

இதில் தாராளமாக 20 கிராம் நெல்லிப் பொடி போடுகிறோம் என்று வையுங்கள். அதற்கு மேல் போட்டால் பிள்ளை தொடாது. ஒரு பிஸ்கட்டுக்கு 0.3 கிராம்கூட வராது. ஒரு முழு நெல்லி காய்ந்தால் சுமார் 5 கிராம் பொடி. அப்படியானால் ஒரு நெல்லிக்கு ஈடாக 17 பிஸ்கட் சாப்பிட வேண்டும். அதோடு 36 கிராம் சர்க்கரை உள்ளே போகும். சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 என்றால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. நாளுக்கு 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 10 விழுக்காடு என்பது சுமார் 37 கிராம். நெல்லிக்காக பிஸ்கட் தின்றால் அன்றைய கோட்டா அதிலேயே தீர்ந்தது.

இவ்வளவும் அடுப்பில் வைப்பதற்கு முன். வைட்டமின் சி சூட்டில் அழியும். காயவைத்துப் பொடித்தபோதே ஒரு பங்கு போயிருக்கும், ஓவனில் இன்னொரு பங்கு போகும். அசாயியின் அந்தோசயனினுக்கும் சூடு ஆகாது. போதாக்குறைக்குச் சமையல் சோடா போட்ட மாவில் அந்த ஊதா, காரம் ஏறி, நீலமும் பச்சையும் கலந்த சாம்பலாகத் திரும்பும். பளிச்சென்று ஊதாவாக ஒரு அசாயி குக்கியைப் பார்த்தால் வண்ணம் சேர்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

பிள்ளைகள் நிஜமாகத் தேடுவது

போட்டி என்று வைத்தால் சாக்லேட் சிப் முதலிடம், சந்தேகமே இல்லை. 1975ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ஃபேமஸ் ஏமஸ் கடை நம் பேரங்காடிகளில் வாசனையாலேயே ஆளை இழுக்கிறது. அந்தக் குட்டிக் குக்கியைப் பார்த்து வீட்டில் செய்யாதவர்கள் குறைவு. சர்க்கரை அதிலும் உண்டு, சுஜி பிஸ்கட்டிலும் உண்டு. வித்தியாசம் கையில் இருக்கிறது. குட்டிக் குக்கியைப் பிள்ளைகள் எண்ணிச் சாப்பிடுவதில்லை, அள்ளுகிறார்கள். சுஜி வாயில் போட்டால் நெய் கரைந்து அண்ணத்தில் ஒட்டும், மூன்றாவதில் திகட்டும். ஆனால் திகட்டியதும் பிள்ளை மைலோ கேட்கும், அங்கே சர்க்கரை பின்வாசல் வழியாக வரும். தண்ணீரை வையுங்கள். பாக்கெட் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து சர்க்கரை வரி இருக்கிறது. பிஸ்கட்டை எண்ணும் வேலை இன்னும் வீட்டுக்காரர் தலையில்தான்.

பிள்ளையோடு சேர்ந்து செய்வதென்றால் என் ஓட்டு சுஜிக்கு. நெய்யையும் சர்க்கரையும் வெளுக்கும்வரை அடித்து, சலித்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிடித்தால் போதும், சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது. உள்ளங்கையில் உருட்டி லேசாக அழுத்தும்போது ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டால் பதம் சரி. 150 பாகை சூட்டில் 20 நிமிடம். மேலே வெள்ளையாகவே இருக்கும், அடி மட்டும் சிவக்கும். சூட்டோடு தொட்டால் தூளாகும், ஆறும்வரை பிள்ளைகளைத் தட்டுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். முட்டை இல்லாதது இன்னொரு வசதி. தீபாவளி பிஸ்கட் வேலை மும்முரமாக நடப்பது புரட்டாசியில். பல வீடுகளில் அப்போது சைவம். சாக்லேட் சிப்பும் அச்சு முறுக்கும் வழக்கமான முறையில் முட்டை கேட்கும்.

அச்சு முறுக்கு பார்வைக்குப் பிள்ளைகளின் செல்லம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசனை பாக்கெட் பிஸ்கட்டில் வராது. அச்சை எண்ணெயிலேயே நன்றாகக் காயவிட்டு, மாவில் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி முக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் பூ கழன்று விழாது, கரண்டியால் குத்தி எடுக்க வேண்டியதுதான். எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று வீட்டில் கணக்குப் போட முடியாது. காய்ந்த எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பிள்ளைகளுக்கு வேலையும் இல்லை. பண்டிகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கார்ன்ஃபிளேக்ஸ் தேன் பிஸ்கட் செய்வது சுலபம், மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதை மட்டும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நினைவில் வையுங்கள்.

அலமண்ட் லண்டன் ருசியில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். உள்ளே முழு பாதாம் இருப்பதால் சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு, பொடித்த பாதாமில் செய்யலாம். தமிழ்ப்பள்ளி விருந்து நாளுக்கு வகுப்பு முழுக்கக் கொடுத்துவிடுவதாக இருந்தால், கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது இருக்கிறதா என்று ஆசிரியரிடம் முந்தின வாரமே கேட்டுவிட்டு, இருந்தால் சுஜியை அனுப்புங்கள். நெய் பாலிலிருந்து வருவது என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள்.