பாசி மிதவை எங்கே போடுவது: சாட்டியின் முறையா, ராயின் முறையா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற கடற்பாசிக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது அலை, உப்புத்தன்மை, கரைத்தூரம் மூன்றையும் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய ஏஹெச்பி (AHP) ஒன்று; இது ஒவ்வொரு இடத்துக்கும் மொத்த மதிப்பெண் போடும். பெர்னார்ட் ராய் 1968இல் பிரான்சில் வெளியிட்ட எலெக்ட்ரே (ELECTRE) மற்றொன்று; இது இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கழிக்கும்.

ஏஹெச்பியில் அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும். உப்பு அலையைவிட 3 மடங்கு, அலை தூரத்தைவிட 3 மடங்கு, உப்பு தூரத்தைவிட 5 மடங்கு முக்கியம் என்றால் முரண் விகிதம் (பதில்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்ற அளவு) சுமார் 0.03, பரவாயில்லை. கடைசி 5க்குப் பதில் 1 போட்டால் 0.48 ஆகிவிடும். வரம்பு 0.10தான், திரும்பக் கேட்க வேண்டும். அளவுகோல் ஏழானால் 21 கேள்விகள். பாசி கட்டும் பெண்கள் பாதியிலேயே சலித்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள்.

பெரிய ஓட்டை வேறு. ஆற்றங்கரை என்ற ஊரில் வைகை கடலில் கலக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலை குறைவு, கரை பக்கம் என்று மதிப்பெண் ஏறி, ஐப்பசி வெள்ளத்தில் உப்பு இறங்கும் குறையை மூடிவிடும். மழை வந்தால் பாசி வெளுத்து அழுகும், மதிப்பெண் என்ன செய்யும்?

எலெக்ட்ரே அங்கே தடை போடும்: ஒரு குறை எல்லை தாண்டினால் மற்ற நன்மைகள் ஈடாகாது. ஆனால் அந்த எல்லையை நாம்தான் வைக்க வேண்டும். கொஞ்சம் நகர்த்தினாலே முடிவு மாறும். சில இடங்களை ஒப்பிட முடியாது என்றே விட்டுவிடும். வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா) என்று ஒரே பதில் கேட்பவருக்கு இது எரிச்சல்தான்.

முதலில் எலெக்ட்ரேயால் கழித்து, மிஞ்சியதை ஏஹெச்பியால் வரிசைப்படுத்துங்கள்.