பயத்தை அடக்குவதா, நினைவையே திருத்துவதா?

ஒருமுறை நாய் கடித்தவருக்குச் சங்கிலிச் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வியர்க்கும். சத்தத்தையும் வலியையும் முடிச்சுப் போட்டு வைப்பது மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி. அந்த முடிச்சை என்ன செய்வது?

ஒரு வழி, பழக்கி அடக்குவது. பாதுகாப்பான சூழலில் அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பார்கள். பயம் குறையும். ஆனால் பழைய நினைவு அப்படியே அழிந்துவிடுவதில்லை. 'இப்போது ஆபத்தில்லை' என்ற புது நினைவு அதன்மேல் உட்கார்கிறது. மூளையின் முன்பகுதி அமிக்டலாவைக் கையமர்த்துகிறது, அவ்வளவுதான். அதனால்தான் சில மாதம் கழித்தோ, வேறோர் இடத்திலோ பயம் சட்டென்று திரும்பிவிடுகிறது.

இன்னொன்று, நினைவைத் திருத்துவது. நினைத்துப் பார்க்கும்போது நினைவு சற்று இளகுகிறது. மறுபடி இறுகப் புதுப் புரதங்கள் வேண்டும். 2000-இல் மூளை ஆய்வாளர்கள் கரீம் நாடர், ஜோசப் லெடூ குழுவினர் எலிகளுக்குப் பயத்தை நினைவூட்டிய கையோடு அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுத்தார்கள். மறுநாள் எலிகள் முன்போல் பயத்தில் உறைந்து நிற்கவில்லை. எனக்கு இன்றும் சிலிர்க்கும் சோதனை இது. மனிதர்களிடம், இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோபிரனலால் மாத்திரையோடு செய்து பார்த்தபோது முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை.

சரி, எதை நம்புவது? இன்றைக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். ஒரே அறையில் மட்டும் பழக்காமல் பல இடங்களில் பழக்கினால் பயம் திரும்பும் வாய்ப்பும் குறையும்.