வீட்டுக்குப் பராமரிப்பாளர் தேடுகிறவர்கள் கவனத்திற்கு: 185,000 ரூபா பறிபோனது

என் கணவருக்குப் பராமரிப்பாளரை அனுப்புவதாகக் காசு வாங்கிய நிறுவனத்தார் நேற்று மாலை என்னுடைய இலக்கத்தை வாட்ஸ்அப்பில் தடை செய்துவிட்டார்கள். ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் உறைந்து அடைத்ததால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலிருந்து ராகமையில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். ஐந்து கிழமைகளாக நான் வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் மாறி, நாள் தவறாமல் போய்வந்தேன். அங்கே அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் பாடம் நடந்தது. தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால், வழங்காத கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகிவிடும் என்றும், படுக்கும்போது அந்தக் கைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும் என்றும், நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்த பிறகே தண்ணீரையும் தேநீரையும்கூடத் தடிப்பாக்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றும் தாதிமார் எனக்குச் செய்து காட்டிப் பழக்கினார்கள். நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து அவர் பத்து அடி நடந்த அன்று வாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அவரிடம் எஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்: "ஓம்." வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும், வலித்தாலும் அவர் வாயில் அதுதான் வரும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்று பேச்சுச் சிகிச்சையாளர் பலமுறை சொல்லியிருந்தார்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியது. என் விடுமுறை முடிந்துவிட்டது. அவருடைய வருமானமும் நின்றுபோயிருந்தது. வீட்டுக்கே பராமரிப்பாளரையும், உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் இயன்மருத்துவரையும் அனுப்புவதாக முகநூலில் விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்தோடு தொடர்பு கொண்டேன். அதன் முகாமையாளர் பார்வையாளர் நேரத்தில் வாட்டுக்கே வந்தார். கட்டிலருகே குனிந்து, "ஐயா, வீட்டுக்குப் போவமா?" என்று மெதுவாகக் கேட்டார். இவர் "ஓம்" என்று சொல்லி, இடது கையால் அந்த மனிதரின் கையைப் பிடித்து வெகுநேரம் விடாமல் வைத்திருந்தார். "அக்கா, ஐயா என்னை ஏற்றுக்கொண்டிட்டார், இனி நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார் முகாமையாளர். பல கிழமைகளுக்குப் பிறகு வேறொருவர் என் சுமையில் ஒரு பக்கத்தைத் தூக்கியதைப் போல் இருந்தது. அன்றிரவே பணத்தை அனுப்பினேன்: பதிவுக் கட்டணம் 15,000, பராமரிப்பாளருக்கு ஒரு மாத முற்பணம் 90,000, இயன்மருத்துவரின் 16 வருகைகளுக்கு 80,000. மொத்தம் 185,000 ரூபா. சென்றது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனியாளின் கணக்குக்கு என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

இயன்மருத்துவர் என்று வந்தவர் வந்ததே இரண்டு தடவைதான். எண்ணெய் தேய்த்து, தசைக்கு மின்தூண்டல் கொடுக்கும் பட்டியை ஒட்டிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறையாவது இவரை எழுப்பி நிற்க வைக்கவில்லை. பதிவு இலக்கத்தைக் கேட்டபோது, "அக்காவுக்கு எங்களில் நம்பிக்கை இல்லையோ?" என்றார். மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து நேரத்துக்கே வந்து கதவைத் திறந்தபோது, பராமரிப்பாளர் இவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். தலையணை உறையில் தேநீர்க் கறை ஈரமாக இருந்தது; படுக்க வைத்தே பருக்கியிருக்கிறார். இவருடைய முகம் வலியால் கோணியிருந்தது. வாய் மட்டும் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தோள்மூட்டு ஓரளவு விலகியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான்காம் நாள் யாரும் வரவில்லை. முதலில் அழைத்தபோது முகாமையாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பிறகு கண்டிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அதன் பிறகு கணக்குப் பிரிவோடு கதைக்கச் சொல்லி ஓர் இலக்கம் தந்தார்கள், அதை எவரும் எடுப்பதில்லை. பத்து நாட்கள் இப்படிப் போயின. கடைசியில் முகாமையாளரே எடுத்துச் சொன்னார்: "பொடியனைப் போகச் சொன்னது ஐயாதான், அக்கா. நிப்பாட்டட்டோ என்று அவரிடம் கேட்டனாங்கள், ஓம் என்றார். வாடிக்கையாளர் தானே நிறுத்தினால் காசு திரும்பாது."

பேச முடியாத மனிதரின் ஒற்றைச் சொல்லை அவருக்கு எதிராகவே சாட்சியாக்கிவிட்டார்கள். 185,000 ரூபாவை நான் எப்படியாவது உழைத்துச் சேர்த்துவிடலாம். பாரிசவாதம் வந்த முதல் சில மாதங்களில்தான் கையும் காலும் அதிகம் தேறும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த மாதங்களில் தோள் வலிக்காகப் பயிற்சியை நிறுத்திவைத்திருக்கிறோமே, அதை யார் திருப்பித் தருவார்கள்?

விரிவாக ஆலோசனை எழுத நினைத்திருந்தேன், இப்போது அதற்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. மாத முற்பணம் கொடுக்காதீர்கள். நாளுக்கு நாள், வருகைக்கு வருகை கொடுங்கள். இயன்மருத்துவர் என்று வருகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று காசு கொடுப்பதற்கு முன் பாருங்கள். வாட்டில் சிகிச்சை தந்தவர்களிடமே முதலில் விசாரியுங்கள். தனியாளின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. இன்று காலை நான் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வீட்டில் பேச்சை இழந்தவர் இருந்தால், உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்த மாற்றமும் செல்லாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் அந்த ஒரு வரி இருக்கவில்லை.