வேறொருவர் கணக்குக்குப் போன பணம்: இந்த முறை ஊரில் பார்த்தது

இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவோடு வங்கிக்கு அலைந்ததுதான் அதிகம். மொட்டை மாடிக்குத் தளம் போட்ட மேஸ்திரிக்கு அவர் கிளைக்கே போய், ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் முறையில் பணம் கட்டியிருந்தார். மேஸ்திரியின் ஆள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. பெயரும், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் சரி. பணம் மேஸ்திரி கணக்கு வைத்திருந்த வங்கியிலேயே முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் விழுந்துவிட்டது.

அப்படி ஒரு எண்ணே இல்லாமல் இருந்திருந்தால் பணம் தானாகத் திரும்பி வந்திருக்கும். எண் யாருக்கோ சொந்தமாக இருந்ததுதான் வினை.

"சலான்ல பேரு தெளிவா எழுதியிருக்கேனே, அதைப் பார்க்கவே மாட்டீங்களா?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கைப்படி, கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம். எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புகிறவர் பொறுப்பு. பெயர் எழுதும் கட்டம் பாதுகாப்பு என்று நம்பித்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சலானை நிரப்புகிறார்கள்.

பணம் அனுப்பிய கிளையில் "அந்த பேங்க்ல போய்க் கேளுங்க" என்றார்கள். அங்கே போனால் "உங்க பேங்க்லேர்ந்து மெயில் வரணும்" என்றார்கள். எழுபதைத் தாண்டியவரை இப்படி இழுத்தடித்தது எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்தில் கொடுத்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. அனுப்பிய தேதி, தொகை, போன எண், போக வேண்டிய எண், அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் 16 எழுத்து யுடிஆர் எண் எல்லாம் எழுதி, சலான் நகலை இணைத்து, நம்முடைய நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். யுடிஆர் இல்லாமல் கவுண்டரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நெஃப்ட் என்றால் பாஸ்புக் வரியிலேயே பெரும்பாலும் அது இருக்கும்.

பணம் போன வங்கியில் இருந்த அதிகாரி அம்மா மெயில் வந்ததுமே அந்தக் கணக்குக்காரரை அழைத்தார். எங்களிடம் அவர் எண்ணையோ முகவரியையோ சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. "ஐயா, அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் நாங்க எடுக்க முடியும். நாங்களா கை வைக்க முடியாது" என்று பெரியப்பாவிடம் பொறுமையாக விளக்கினார். நல்லவேளையாக அந்த மனிதர் பணத்தைத் தொடவில்லை. ஒப்புதல் கடிதம் கொடுத்தார், முழுத் தொகையும் திரும்பியது. அவர் மறுத்திருந்தால் வழக்குதான். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் வக்கீல், நோட்டீஸ் என்று இறங்கினால், லீவு முடிந்து விமானம் ஏறும் நமக்கு அது எங்கே கட்டுப்படியாகும்!

எனக்கு ஆறாத கோபம் வேறு ஒன்றில். பிரிட்டனில் 2020 முதல் பெரிய வங்கிகளில் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பணத்தை அனுப்ப விடுகிறார்கள். இந்தியாவிலும் அந்த வசதி வந்துவிட்டது. நெஃப்ட், பெரிய தொகைகளை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் இரண்டுக்கும், பணம் பெறுபவர் கணக்கில் உள்ள பெயரை அனுப்புமுன்பே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தரவேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. மொபைலில் அனுப்புவோருக்கு மட்டுமல்ல, கிளைக்கு நேரில் வருவோருக்கும் அது உண்டு. பெரியப்பாவுக்கு அந்தக் கவுண்டரில் யாரும் பெயரைக் காட்டவில்லை. ஒரு நிமிடம் திரையைத் திருப்பிக் காட்டியிருந்தால் இத்தனை அலைச்சலும் மிச்சம்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதை இன்றே போனில் சொல்லுங்கள்: சலானை நீட்டும்போதே "இந்த எண்ணுக்கு என்ன பேரு வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கட்டும். மறுத்தால் மேலாளரிடம் எழுத்தில் கொடுக்கட்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.