புளோரைடு பார்க்கும் கள நீர்ப் பரிசோதனைப் பெட்டி: தருமபுரி மாணவர் ஆய்வுகளுக்கு எவ்வளவு பொருந்தும்?

தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் மாணவர் ஆய்வு என்று பேச்செடுத்தால் அது பெரும்பாலும் தண்ணீரில் வந்து நிற்கும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குக் குழு சேர்க்கும்போதும், இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு யோசனை எழுதும்போதும், கல்லூரி இறுதியாண்டில் தலைப்புத் தேடும்போதும், "எங்க ஊரு போர் தண்ணியில புளோரைடு எவ்வளவு இருக்குன்னு பார்க்கலாமா சார்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகக் கேள்வி அல்ல; புளோரைடு மிகுந்த நீர் கறைப்படுத்திய பல்லிலும் இறுக்கிய மூட்டிலும், வீட்டில் பெரியவர்களிடம் அவர்கள் பார்த்து வளர்ந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு பள்ளியால் வாங்கக்கூடிய கருவியாக இன்று கிடைப்பது கள நீர்ப் பரிசோதனைப் பெட்டி. அதை மாணவர்களோடு தொடர்ந்து பயன்படுத்திய அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் பெட்டி என்று சொல்லவில்லை. புளோரைடைப் பொறுத்தவரை நான் கையாண்ட பெட்டிகள் அனைத்தும் ஒரே வேதியியலை நம்பியவை என்பதால், கீழே சொல்லும் நிறைகுறைகள் இந்த வகைப் பெட்டிகளுக்குப் பொதுவானவை.

முதலில், எதை அளக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தருமபுரியும், அதிலிருந்து 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரியும் கடினப் பாறை நிலங்கள். கிரானைட், நைஸ் போன்ற பாறைகளில் உள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் முதலிய கனிமங்கள் புளோரைடைத் தம்முள் கொண்டவை. பாறை வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது அது கரைந்து வெளியே வருகிறது. நீரில் பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால் புளோரைடு கரைந்த நிலையிலேயே நிற்கும், ஏனெனில் கால்சியம் போதிய அளவு இருந்தால்தான் அது கால்சியம் புளோரைடாகப் படியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500, 2012) லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 தான். ஆக, மாணவர் கையில் இருக்கும் கருவி ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்டுகிறதா என்பதை வைத்தே அதன் தகுதியை எடைபோட வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பவை எளியவை: அளவுக்கோடு போட்ட சோதனைக் குழாய்கள், வினைபொருள் நிறைந்த துளிக்குப்பிகள், நிற அட்டை, ஒரு கையேடு. புளோரைடு சோதனையில் சிர்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்த சிவந்த அமிலக் கரைசலைக் குறிப்பிட்ட அளவு நீரில் விட வேண்டும். நீரில் உள்ள புளோரைடு அயனிகள் சிர்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பிரித்துத் தம்மோடு நிறமற்ற சேர்மமாகப் பிணைத்துக்கொள்வதால், விடுபட்ட சாயம் மஞ்சளாகிறது. புளோரைடு இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு, மிகுந்தால் மஞ்சள், இடையில் இரண்டும் கலந்த நிறங்கள். ஒரு வேதிவினை கண்ணெதிரே நடந்து, தங்கள் தெருக் குழாய் நீரைப் பற்றி ஒரு செய்தி சொல்வதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கும்போது அந்த வகுப்பறையில் உண்டாகும் கவனத்தை வேறு எந்தப் பாடமும் எனக்குத் தந்ததில்லை. இந்தப் பெட்டியின் முதல் பெருமை அதுதான். விலையை அந்த ஒன்றுக்காகவே கொடுக்கலாம்.

ஆனால் நிற அட்டையில் படிகள் அகலமானவை. சுழி, அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று என்ற வரிசையில் அச்சிட்ட அட்டையை வைத்துக்கொண்டு ஒரு நீர் மாதிரியில் 1.27 மில்லிகிராம் இருந்தது என்று அறிக்கையில் எழுத முடியாது. அப்படி எழுதப்பட்ட அறிக்கைகளை மாவட்ட அளவிலான அமர்வுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். நான்கு மாணவர்கள் சொன்ன எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் கிடைத்துவிடும். அந்த இலக்கங்கள் தண்ணீரிலிருந்து வந்தவை அல்ல, கணக்கிலிருந்து வந்தவை. "ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில்" என்று எழுதும் மாணவரே சரியாக அளந்தவர். இந்த ஒரு வழக்கத்தைப் பிள்ளைகளிடம் ஏற்படுத்திவிட்டால் பெட்டி தன் வேலையில் பாதிக்கு மேல் செய்துவிட்டது என்பேன்.

நிறத்தைப் படிப்பதிலும் கவனம் தேவை. குழல்விளக்கின் கீழ் ஒரு நிறம், மர நிழலில் வேறு நிறம். ஆகவே நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்ப்பதே முறை. கையேடு சொல்லும் காத்திருப்பு நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பின்பற்ற வேண்டும், ஏனெனில் நிறம் நேரத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தக் குழாயில் எந்த ஊர் நீர் என்று தெரியாத இருவர் தனித்தனியே படித்து எழுதிய பிறகு ஒப்பிட்டால், "நம்ம ஊர்லதான் அதிகமா இருக்கும்" என்ற முன்முடிவு எண்ணில் புகாமல் தடுக்கலாம். இன்னொன்றையும் ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டும்: ஆண் பிள்ளைகளில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு இருக்கும், அது அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். அட்டையைப் படிக்கத் தடுமாறும் மாணவரைக் கடிந்துகொள்ளாமல், அவருக்கு மாதிரி சேகரிப்பையும் குறிப்பேட்டையும் ஒப்படைப்பது நல்லது. கைபேசியில் படம் எடுத்து நிறத்தை எண்ணாக்கலாம் என்று உயர்வகுப்பு மாணவர்கள் முயல்கிறார்கள். சோதனைக் குழாயும் நிற அட்டையும் ஒரே படத்தில் இருந்தால்தான் அது ஒப்பீட்டுக்கு உதவும், தனித்தனிப் படங்களில் கைபேசி தானாக வெள்ளைச் சமநிலையை மாற்றிவிடுகிறது.

பெட்டியில் இல்லாதது, ஆனால் இருந்தே ஆக வேண்டியது, திட்டக் கரைசல். புளோரைடு அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு நீரைச் சோதித்து, பெட்டி அதே அளவைச் சொல்கிறதா என்று பார்க்காமல் ஊர் நீரைச் சோதிப்பதில் பொருளில்லை. பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையின் உதவியோடு இதைத் தயாரித்துக்கொள்ளலாம்: நீரற்ற சோடியம் புளோரைடு 0.221 கிராமை ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் புளோரைடு உள்ள கரைசல் கிடைக்கும். அதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து நூறு மில்லிலிட்டராக்கினால் சரியாக ஒரு மில்லிகிராம் அளவு. சோடியம் புளோரைடு நச்சுப்பொருள் என்பதால் எடைபோடுவதும் கரைப்பதும் ஆசிரியர் வேலை; மாணவர்கள் நீர்த்த கரைசலை மட்டும் தொடட்டும். கரைசலையும் நீர் மாதிரிகளையும் கண்ணாடிக் குப்பியில் வைக்காமல் பாலித்தீன் குப்பிகளில் வைக்க வேண்டும். வினைபொருள் காலாவதியை நெருங்குவதையும் திட்டக் கரைசல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது என் முதன்மையான மனக்குறை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மாணவர் ஆய்வுகளின் முடிவுகளையே அது தலைகீழாக்கிவிடுகிறது. புளோரைடை அளப்பதோடு நில்லாமல் அதை நீக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆவல் பிள்ளைகளுக்கு இயல்பாக வருகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, அதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் புளியங்கொட்டைப் பொடி, முருங்கை விதைப் பொடி, மரக்கரி ஆகியவற்றையும் முயல்கிறார்கள். சிகிச்சைக்கு முன் இரண்டு, பின் அரை என்று பெட்டி காட்டும்போது குழுவே துள்ளிக் குதிக்கிறது. ஆனால் படிகாரத்திலிருந்து வந்து நீரில் எஞ்சியிருக்கும் அலுமினியம் புளோரைடை இறுகப் பிணைத்து வைத்திருப்பதால், அந்தப் புளோரைடு சிர்கோனியத்தைத் தொட முடியாமல் போகிறது. நீரில் புளோரைடு இருக்கும், பெட்டி இல்லை என்று சொல்லும். புளியங்கொட்டையில் ஒட்டிய புளியின் கரிம அமிலங்களோ எதிர்த்திசையில் சிர்கோனியத்தைத் தாமே பிணைத்துக்கொள்ளக்கூடியவை, பழுப்பு நிறத்தாலும் அட்டையை ஏமாற்றுபவை. நீரில் பாஸ்பேட் இருந்தாலும் அளவு கூடுதலாகத் தெரியலாம். ஆகவே புளோரைடு நீக்கும் ஆய்வுகளுக்கு இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்ட ஆய்வைச் செய்யும் குழு, சிகிச்சைக்குப் பிந்தைய மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ, அயனித் தேர்வு மின்முனை (புளோரைடு அயனியைத் தனியே அளக்கும் கருவி) உள்ள கல்லூரி ஆய்வகத்திலோ கொடுத்து அளக்க வேண்டும், அலுமினியம் குறுக்கிடும் செய்தியைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

பெட்டியின் மற்ற சோதனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடினத்தன்மைச் சோதனை மிக நன்று. துளித்துளியாக விட்டுக்கொண்டே வர, திராட்சைச் சிவப்பு சட்டென்று நீலமாகும் புள்ளி யார் கண்ணுக்கும் தப்பாது. காரத்தன்மையும் குளோரைடும் அதே துளிக்கணக்கில் ஓரளவு சரியாக வருகின்றன. அமோனியா சோதனைக்கு நெஸ்லர் கரைசல் தரும் பெட்டியாக இருந்தால் அதில் பாதரசம் உண்டு. அதைச் சாக்கடையில் கொட்டாமல் தனிக் குப்பியில் சேர்த்துவைக்க வேண்டும்.

கடினத்தன்மையும் காரத்தன்மையும் நன்றாக வருவதால்தான் இந்தப் பெட்டியை வைத்து உண்மையான ஆய்வு சாத்தியமாகிறது; முன்னது நீரின் கால்சியம், மக்னீசியத்தையும் பின்னது பெரும்பாலும் பைகார்பனேட்டையும் காட்டுகிறது. புளோரைடு மிகுந்த கிணறுகளில் கால்சியம் குறைவாகவும் பைகார்பனேட் மிகுதியாகவும் இருக்கிறதா என்று ஒரு கிராமத்தின் கைப்பம்புகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் வரைபடத்தில் குறித்துப் பார்க்கும் குழு, பாறையின் வேதியியலைத் தானே சோதிக்கிறது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் நிதியுதவியுடன் நிறைவேறி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீரையும், அதே ஊரின் போர் நீரையும், இரண்டும் கலக்கும் மேல்நிலைத் தொட்டி நீரையும் பருவம் மாற மாற ஒப்பிடலாம். வேறுபாடு பெரிதாக இருக்கும் இடங்களில் அகலமான நிறப்படிகளே போதும். பல் கறையை நீரின் அளவோடு ஒப்பிட விரும்பும் குழுக்களுக்கு ஒரு செய்தி: பல்லின் எனாமல் உருவாகும் ஏறத்தாழ எட்டு வயது வரை குடித்த நீர்தான் பல்லில் தெரியும், இன்று குடிக்கும் நீர் அல்ல. பதினாலு வயதுப் பிள்ளையின் பல்லையும் இன்றைய குழாய் நீரையும் அருகருகே வைத்துப் பொருந்தவில்லை என்று எழுதுவது தவறான கேள்விக்கான விடை. பல் கறையின் கடுமையைத் தரம்பிரிக்க அமெரிக்கப் பல் மருத்துவர் டீன் 1942-இல் வகுத்த அளவுகோலைப் பழகிக்கொண்டு, பெற்றோரின் ஒப்புதலோடு, படம் எடுக்காமல், பெயர் எழுதாமல் செய்வதானால் மட்டும் அந்தப் பணியை எடுங்கள். சிரிக்கவே கூச்சப்படும் பிள்ளைகள் அவர்கள்.

சோதனை நடக்கும் இடத்தில் ஊர்க்காரர்கள் கூடுவார்கள். "இந்தத் தண்ணிய புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா கண்ணு?" என்று ஒரு பாட்டி மாணவியிடம் கேட்டால் அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்பே சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். இது முதற்கட்டச் சோதனை, ஆய்வகத்தில் உறுதிசெய்த பிறகு ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் தருவோம் என்பதே எங்கள் மாணவர்கள் சொல்லும் விடை. கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும் என்பதை மட்டும் அங்கேயே சொல்லிவிடலாம், அதில் ஐயமில்லை. அளவு ஒன்றரையை ஒட்டி வந்த ஒவ்வொரு மாதிரியையும் ஆய்வகத்துக்கு அனுப்புவது கட்டாயம்.

நீரை முதன்முதலாக ஆராயும் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிக் குழுக்களுக்கு இந்தப் பெட்டியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். மேல்நிலை வகுப்புகளுக்குத் திட்டக் கரைசலோடு சேர்த்தால் மட்டும் பரிந்துரைக்கிறேன். கல்லூரித் திட்ட ஆய்வுக்கு இது முதல் வடிகட்டலுக்குத்தான் உதவும், முடிவுகளுக்கு ஆய்வகம் வேண்டும். வாங்கும்போது துளிக்குப்பிகளின் மேல் தயாரிப்பு நாள் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், கையேடு தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள். புளோரைடு வினைபொருளும் நிற அட்டையும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்த மாவட்டத்தில் முதலில் தீர்ந்துபோகும் குப்பி அதுதான், அது ஒன்றுக்காக முழுப் பெட்டியையும் மறுபடி வாங்கச் சொல்லும் விற்பனையாளரிடம் பள்ளி நிதியைக் கொடுக்க வேண்டாம்.